அரக்கும் பச்சையும்

தையல் ரீச்சர் காலமான செய்தி ஊரிலிருந்து வந்த கையோடு எங்கள் பள்ளிப் பழைய மாணவியர் மலர்க்குழுவின் தொலைபேசியும் வந்தது. "இப்பவும் ஊசியும் நூலுமாய்த் திரியிறது நீங்கள்தானே, நீங்களே எழுதுங்கோ" என்றார்கள். ரீச்சருக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயரை மலரில் அச்சேற்ற முடியாது. தொண்ணூறுகளின் முற்பாதியில் படித்தவர்களுக்கு அது தானாக நினைவு வரும். மற்றவர்கள் அக்காமாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மணிக்குப் பிந்திய இரட்டைப் பாடம். மேல்மாடி மூலை அறை. அந்த அலுமாரி. "முழத்துக்கு மேலை நூல் எடுக்காதே" என்பார். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, அவ்வளவுதான். நீண்ட நூல் துணிக்குள் போய்ப் போய் உரசித் தேயும், சிக்கும். நூல் நுனியில் முடிச்சுப் போட்டால் கத்தரிக்கோல் வரும். முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்.

பொருளாதாரத் தடைக் காலம். கடையில் பூத்தையல் நூல் இல்லை, இருந்தாலும் கிட்ட நெருங்கேலாத விலை. அம்மம்மா தன் பழைய சேலைக் கரையிலிருந்து இழை இழையாக உருவித் தந்தா. ஒன்று அரக்கு, மற்றது மயில்பச்சை. மேசைவிரிப்பு மூலையில் நகமளவு கட்டங்களாக இரண்டையும் மாறிமாறி நிரப்பினேன். அன்று ரீச்சர் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. துணியை இரண்டு கையாலும் உயர்த்தி வகுப்புக்குக் காட்டினார்.

"உதென்ன பிள்ளை, மேசைவிரிப்போ, தேர்ச்சீலையோ?"

வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் இருவர் இன்று இந்த மலர்க்குழுவில் இருக்கிறார்கள். முழுவதையும் பிரிக்க வைத்தார். "இளம்ரோஸ், இளம்பச்சை, இளநீலம். பரீட்சைக்கு வாறவைக்கு உதுதான் பிடிக்கும்." அம்மம்மாவின் இழைகள் கடதாசிக் கூடைக்குள் போயின. அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குத் தப்பி யாழ்ப்பாண நகரை விட்டு எல்லாரும் தென்மராட்சிக்கு நடந்தோம். என் தையல் கொப்பி அந்த அலுமாரிக்குள்ளேயே இருந்துவிட்டது.

பிறகு கனடா. என் ஸ்காபரோ வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும்: சுவர் மண்ணிறம், சோபா மண்ணிறம், திரைச்சீலை அதற்கும் ஒருபடி வெளிர். நல்ல ரசனை என்று பாராட்டியவர்களும் உண்டு.

ஒன்ராறியோவின் நியூ ஹம்பேர்க்கில் மே மாதக் கடைசியில் மெனனைற் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்கள் நிவாரணத்துக்காக ஒட்டுத்துணிப் போர்வைகளை ஏலம் விடுவார்கள். வேலையிடத்துத் தோழி இழுத்துப்போனாள். அங்கே தொங்கியது ஒரு போர்வை: வெள்ளைத் துணியில் சிவப்பும் பச்சையும், கொஞ்சமும் கூச்சமில்லாமல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பெண்கள் விரும்பித் தைத்த சோடி நிறமாம் அது. அம்மம்மாவின் சேலைக் கரை இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நின்றுவிட்டேன்.

போர்வை தைக்க என் வீட்டில் இடமுமில்லை, எனக்கு இடுப்புமில்லை. அதனால் அந்தப் போர்வைக் கோலங்களைக் கான்வஸ் என்ற துளைத்துணியில், கம்பளி நூலில் தைக்கத் தொடங்கினேன். அங்குலத்துக்குப் பதின்மூன்று துளை, மொட்டை முனை ஊசி. முதலில் எடுத்தது மரக்குடில் என்ற கோலம். நடுவில் ஒரு சிவப்புச் சதுரம். அது வீட்டு அடுப்பின் நெருப்பாம். அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். மூலைவிட்டத்துக்கு ஒருபுறம் வெளிர், மறுபுறம் கடும். இந்தச் சதுரங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் ஒருமுறை உழவுசால் தெரியும், இன்னொருமுறை வைரம் தெரியும்.

கான்வசில் தையலும் நிறத்தை மாற்றும். பட்டைகளை நீட்டுத் தையலில் நிரப்பினால் கம்பளி படுத்து மினுங்கும். சின்னச் சாய்தையலில் அதே நூல் மங்கிப்போகும். அரக்கு நெடுக்கே ஓடினால் ஒரு நிறம், குறுக்கே ஓடினால் வேறு நிறம். சாய்தையலை வரிவரியாகப் போட்டால் கான்வஸ் கோணிவிடும். பிறகு ஈரப்படுத்திப் பலகையில் ஆணியடித்து நேராக்க வேண்டும். மூலைவாட்டில் போனால் கோணாது, பின்பக்கம் கூடைப் பின்னல் மாதிரி வரும். ரீச்சருக்குப் பிடித்திருக்கும். நூல் நீளம் பதினெட்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்று இங்கத்தைய வகுப்பில் சொன்னார்கள். முழத்தை எனக்குப் புதிதாகக் கற்பிக்கிறார்கள்!

அரக்கையும் பச்சையையும் ஒவ்வொரு தையலாக மாற்றிப் போட்டும் பார்த்தேன். நாலடி தள்ளி நின்றால் சேற்று மண்ணிறம். அதையே அகலப் பட்டைகளாகப் பக்கம் பக்கமாக வைத்தேன். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன. பாரிஸ் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயத்துக்குப் பொறுப்பாயிருந்த ஷெவ்ரல் இதை 1839இலேயே புத்தகமாக எழுதிவிட்டார். கறுப்புச் சாயம் சோர்ந்திருக்கிறது என்று வந்த முறைப்பாட்டை ஆராய்ந்தவர், பழி சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்தில் என்று கண்டார். ஆக, நகமளவு கட்டத்துக்கு ரீச்சர் சொன்னது ஓரளவு சரிதான். கட்டத்தைப் பெரிசாக்கு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லைப் போலும்; பரீட்சைக்கு வருகிறவர்களின் முகம் மட்டுந்தான் அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் அரக்கும் பச்சையுமாக ஒரு குஷன் முடித்தேன். ஊரோடேயே இருந்து, ரீச்சரைக் கடைசிவரை போய்ப் பார்த்துவந்த நம் வகுப்புத் தோழிக்குப் படம் அனுப்பி, காட்டச் சொன்னேன். நானும் அங்கேயே நின்றிருந்தால் ஒரு சைக்கிள் ஓட்டத்தில் நேரே கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். ரீச்சர் நெடுநேரம் பார்த்தாராம். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

"பின்பக்கத்தை அனுப்பச் சொல்லு."

உறை தைத்து மூடியாச்சு, இனிக் காட்டேலாது என்று சொல்லச் சொன்னேன்.

"அப்ப பின்பக்கம் சரியில்லை" என்றாராம்.

அந்தக் குஷனை இந்த வருட இராப்போசன அதிர்ஷ்டச் சீட்டுக்குத் தருகிறேன். சேரும் பணம் மனையியல் அறைக்குப் போகட்டும். சீட்டு விழுகிறவர் ஓரத் தையலைப் பிரித்துப் பின்பக்கத்தைப் பார்க்கலாம், எனக்கு ஆட்சேபமில்லை. முடிச்சு ஒன்றும் இராது.