அக்காவின் மாத்திரை பக்கத்து ஊருக்கு வந்த கதை

எங்களுடையது சிவகங்கை மாவட்டத்தில் ஒரு மானாவாரி ஊர். அக்காவுக்கு மனச்சிதைவு நோய். இதே நிலையில் தவிக்கும் குடும்பங்களுக்கு உதவட்டும் என்று, நாங்கள் போய்வந்த வழியை எழுதுகிறேன்.

நோய் முற்றியிருந்தபோது அம்மா சமைத்ததை அக்கா தொடமாட்டாள். விஷம் வைக்கிறார்கள் என்று காதில் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓடு உரிக்காத அவித்த முட்டை, தோல் உரிக்காத வாழைப்பழம், அவ்வளவுதான் சாப்பாடு. முட்டையையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒரு கீறல் தெரிந்தாலும் தள்ளி வைத்துவிடுவாள்.

ஊரில் காத்துக்கருப்பு என்றார்கள். மந்திரித்தோம், கயிறு கட்டினோம். கடைசியில் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போனோம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் இறந்ததை அம்மா மறக்கவில்லை. அக்காவை விட்டு ஒரு நிமிஷம் நகரவில்லை. இப்போது அங்கே அரசு மனநல மருத்துவர் வந்து பார்க்கிறார். "வேண்டுதலும் இருக்கட்டும், மாத்திரையும் போடுங்க" என்றார். எங்களை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. எங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கே மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் வாரத்தில் ஒருநாள் வருகிறார் என்று அவர் சொல்லித்தான் தெரியும். சந்தைக்குப் போகும்போதெல்லாம் அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் போவோம். வாசலில் இதற்கென்று ஒரு போர்டுகூடக் கிடையாது.

ஓபி சீட்டு போட்டோம், டாக்டர் பொறுமையாகக் கேட்டார். மனச்சிதைவுக்கு ரிஸ்பெரிடோன் மாத்திரை கொடுத்தார், அதனால் கை நடுங்காமல் இருக்க இன்னொரு மாத்திரை. எல்லாம் இலவசம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அம்மாவும் அக்காவும் செலவில்லாமல் போய்வந்தார்கள். சில வாரங்களில் அக்கா சோற்றுத் தட்டை வாங்கிக்கொண்டாள்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். ஒரு மாதத்துக்குத்தான் மாத்திரை தருவார்கள். டாக்டர் வரும் நாளில் பண்டிகை வந்தாலோ, அவருக்கு மாறுதல் வந்தாலோ, அக்கா பஸ் ஏறமாட்டேன் என்றாலோ போச்சு. வேறு நாளில் போய்க் கேட்டால், "மனநல டாக்டர் வர்ற அன்னைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். மாத்திரை நின்ற உடனே ஒன்றும் தெரியாது. நன்றாகத்தானே இருக்கிறாள் என்று தோன்றும். அப்புறம் தூக்கம் குறையும், தனியாகப் பேசுவாள், சாப்பாட்டின் மேல் சந்தேகம் திரும்பிவிடும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை எந்த நாளிலும் பக்கத்து ஊர் சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது. இதை மட்டும் ஏன் ஒரு கிழமையோடு கட்டிப்போட வேண்டும்? இன்றுவரை எனக்கு ஆறாத கோபம் இது.

14416க்குப் போன் செய்தேன். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அக்காவின் நிலையைக் கேட்டறிந்து வழி சொன்னார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ஐயும் தேடிப் படித்தேன். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எல்லா நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று அதன் 18ஆம் பிரிவு சொல்கிறது. 'எல்லா நேரமும்' என்பதை அடிக்கோடிட்டு, கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தோம். பதில் வரத் தாமதமானது. விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

இப்போது அக்காவின் மாத்திரை வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வருகிறது. சிகிச்சை நோட்டைக் காட்டினால் மருந்தாளுநர் எந்த வேலைநாளிலும் தருகிறார். டாக்டரைப் பார்க்க மட்டும் தாலுகாவுக்குப் போகிறோம்.

மனு எழுதுகிறவர்களுக்கு: மாத்திரையின் பெயரோடு எத்தனை மில்லிகிராம் என்பதையும் எழுதுங்கள். பழைய சீட்டின் நகலை இணையுங்கள். மாத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பிய தேதிகளைக் குறித்து வையுங்கள், அதிகாரிகள் முதலில் அதைத்தான் கேட்டார்கள். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள்.