கோடு விழாத நீச்சலுடை: துணி, ஓரம், ஸ்ட்ராப்

வெயில் காய்ந்து எழுந்தவரின் தோளில் தெரியும் வெள்ளைப் பட்டைக்கு ஸ்ட்ராப்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். தைப்பவருக்கு அந்தப் பதில் போதாது. கோடு என்பது பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இடங்கள் வாங்கிய புற ஊதா அளவின் வித்தியாசம். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது, எத்தனை மில்லிமீட்டருக்குள் மாறுகிறது என்பதை வைத்துத்தான் கோடு பளிச்சென்று விழுமா, மங்கலாகப் போகுமா என்பது முடிவாகும். ஆகவே வடிவமைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு: துணி வழியாகவே கதிரை உள்ளே விடலாம், துணியின் ஓரத்தை மங்கலாக்கலாம், ஓரத்தைக் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்தலாம்.

நண்பகலில் குடை இல்லாமல் தெருவில் இறங்கினாலே வீட்டில் திட்டு வாங்கும் ஊர் நம்முடையது. மத்தியதரைக் கடலோரத்தில் கதை வேறு. அங்கே கோடை விடுமுறை என்றால் மணலில் படுத்துக் கிடப்பதுதான், அதற்கென்றே உடை வெட்டுகிறார்கள். 1946-ல் பாரிஸில் லூயி ரெயார் பிகினியை அறிமுகம் செய்தார். 1964-ல் அமெரிக்க உடை வடிவமைப்பாளர் ரூடி கெர்ன்ரைக் மேல்பகுதியே இல்லாத மோனோகினியைக் கொண்டுவந்தார். 1974-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் நிர்வாணமாக வெயில் காய்வதற்குத் தடை போட்டபோது, தாங் என்ற குறுகிய உடையைப் பதிலாகக் கொடுத்தவரும் அவரே. துணியைக் குறைத்துக்கொண்டே போவது பழைய வழி. ஆனால் எவ்வளவு குறைத்தாலும் மிச்சமிருக்கும் துணிக்கு ஓர் ஓரம் இருக்கும், ஓரம் இருந்தால் கோடும் இருக்கும்.

துணி வழியாகக் கதிரை விடும் வழியை முதலில் பார்ப்போம். சாதாரண நீச்சலுடைத் துணி சுமார் 80% நைலான், 20% ஸ்பான்டெக்ஸ், சதுர மீட்டருக்கு 180 முதல் 200 கிராம் எடை. பின்னல் நெருக்கமாக இருப்பதால் கதிரில் மிகச் சிறு பங்குதான் உள்ளே போகும். டேன்-த்ரூ, அதாவது துணிக்குள்ளும் தோல் கறுக்கட்டும் என்று விற்கப்படும் துணி, இதைவிட மெல்லியது. பின்னலிலேயே ஆயிரக்கணக்கான நுண்துளைகளை விட்டிருப்பார்கள். துளை கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, பூ, புள்ளி, சிறுத்தைத் தோல் என்று நெரிசலான பிரிண்ட் போடுவார்கள். கண் வடிவத்தைத் தொடர்ந்து ஓடுவதால் துளையையும் உள்ளே இருக்கும் தோலையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதே துணியை வெளிர் நிறத்தில் பிரிண்ட் இல்லாமல் தைத்தால், நனைந்ததும் மானம் போய்விடும்.

துளை மட்டும் போதாது, நூலையும் கவனிக்க வேண்டும். பாலியெஸ்டரின் மூலக்கூறில் இருக்கும் வளையங்கள் புற ஊதா பி கதிரைத் தாமே விழுங்கிவிடும். இந்த வேலைக்கு நைலான் எவ்வளவோ மேல். நைலானிலும் பளபளப்பு நூல் வேண்டும். மினுமினுப்பைக் குறைக்க டைட்டானியம் டையாக்சைடு சேர்த்த மங்கல் நூல் வேண்டாம், ஏனென்றால் சன்ஸ்கிரீனில் கதிரைத் தடுக்கச் சேர்க்கும் அதே பொருள் அது. அடர் சாயம் வெளிர் சாயத்தைவிட அதிகம் தடுக்கும். வெள்ளைத் துணி என்றால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். வெள்ளையை இன்னும் வெள்ளையாகக் காட்டும் பிரைட்டனர் ரசாயனம் புற ஊதா ஏ-யை உறிஞ்சி நீல ஒளியாக வெளியே விடும். இதைக் கேட்காமல் துணி வாங்கிவிட்டு, "துளை இருக்கே, ஏன் டேன் ஆகலை?" என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு.

துணியைச் சோதிக்கக் கைபேசி டார்ச் உதவாது, அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும்தான் காட்டும். கையடக்கப் புற ஊதா மீட்டர் ஒன்று போதும். வெயிலில் மீட்டரை வைத்து ஓர் அளவு எடுங்கள். பிறகு துணியை உடலில் இருக்கும் இழுவைக்கு ஏற்ப, அதாவது 10 செ.மீ. துண்டை 12 செ.மீ.க்கு இழுத்து, சென்சார் மேல் பிடித்து இன்னோர் அளவு எடுங்கள். வெறும் மீட்டர் 8 காட்டி, துணியோடு 1.6 காட்டினால் 20% உள்ளே போகிறது என்று பொருள். இழுக்காமல் அளந்தால் துளை மூடியிருக்கும், கணக்கு தப்பும்.

இனி தையல். டேன்-த்ரூ உடையில் அதிகம் சொதப்புவது இங்கேதான். ஒரு அடுக்கு 20% விட்டால், லைனிங் வைத்த இரண்டு அடுக்கு 4% தான் விடும், 20%-ல் 20% அவ்வளவுதான். ஆகவே லைனிங் கூடாது. கவட்டையில் வைக்கும் பருத்தித் துண்டு மட்டும் இருக்கட்டும், அங்கே எப்படியும் வெயில் படாது. மேல்பகுதிக் கப்பில் பஞ்சு பேட் வைத்தால் மொத்த வேலையும் வீண். அதைவிட மோசம் இடுப்பு, தொடை ஓர மடிப்பு. வழக்கமான தையலில் எலாஸ்டிக்கை ஓவர்லாக் அடித்து, உள்பக்கம் ஒருமுறை மடித்து, ஜிக்-ஜாக் போடுவார்கள். இரண்டு அடுக்குத் துணி, நடுவே 8 அல்லது 10 மி.மீ. எலாஸ்டிக். துணி கதிரை விட்டாலும் இந்தப் பட்டை விடாது. விளைவு, நடுவில் மாநிறம், சுற்றிலும் வெள்ளை பார்டர் என்று உடம்பில் உடையின் வரைபடம் வந்துவிடும்.

இதைத் தவிர்க்க, எலாஸ்டிக்கை 6 மி.மீ. அல்லது அதற்கும் கீழே இறக்க வேண்டும். துணியை மடிக்காமல் ஓரத்திலேயே 3 மி.மீ. அகல ஜிக்-ஜாக்கில் பிடிக்கலாம். தொடை ஓரத்துக்கு எலாஸ்டிக்கைத் திறப்பின் சுற்றளவில் 90 முதல் 95% நீளத்துக்கு வெட்டினால் போதும். இன்னும் குறைத்தால் ஓரம் சதையில் அழுந்திப் பள்ளம் விழும், அந்தப் பள்ளமும் நிழலாகிக் கோடு போடும். ஸ்ட்ரெச் ஊசி 75-ம் நம்பர், பாலியெஸ்டர் நூல். கண்ணாடி போலத் தெரியும் எலாஸ்டிக் வைத்தால் கதிர் போய்விடும் என்று ஓர் எண்ணம் உண்டு. கண்ணுக்குத் தெளிவாக இருப்பதால் புற ஊதாவுக்கும் தெளிவு என்று அர்த்தமில்லை. சன்னல் கண்ணாடியே புற ஊதா பி-யைப் பெருமளவு தடுக்கிறது. அந்த எலாஸ்டிக்கையும் மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

துணியைவிட ஓரத்தில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். தோலோடு ஒட்டிக்கிடக்கும் இறுக்கமான ஓரம் பென்சிலால் கிழித்தது போன்ற கோட்டைப் போடும். ஓரம் தோலை விட்டு ஒரு சென்டிமீட்டர் தள்ளி நின்றால், கோடு கலைந்துபோகும். புற ஊதா சூரிய வட்டிலிலிருந்து மட்டும் வருவதில்லை. அதில் பெரும்பங்கு வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருகிறது, அது பக்கவாட்டில் துணிக்கு அடியில் நுழையும். இதைப் பயன்படுத்திக்கொண்டு, மேல்பகுதியின் விளிம்பில் 3 அல்லது 4 செ.மீ. ஃப்ரில் வைக்கலாம். எலாஸ்டிக் ஃப்ரில்லுக்கு உள்ளே ஒளிந்திருக்கும், வெளியே படுவது காற்றில் அசையும் துணி. இல்லாவிட்டால் விளிம்பில் 2 செ.மீ. வலைத்துணிப் பட்டை சேர்க்கலாம். வலை பாதி விடும், துணி கொஞ்சம் விடும், தோல் முழுவதும் வாங்கும். ஒரே கோடாக விழாமல் படிப்படியாக நிறம் இறங்கும். வலையை முக்கியத் துணியோடு இணைக்கும் தையல் அகலமாக இருந்தால் இதுவும் கெட்டுவிடும்.

இதற்கு நேர் எதிர் ஆட்கள் ரியோ டி ஜெனிரோவில் இருக்கிறார்கள். புறநகர் மொட்டை மாடிகளில் மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பையே பிகினி போல உடம்பில் ஒட்டிக்கொண்டு படுக்கிறார்கள். கோடு விழுவதுதான் அவர்களுக்கு அழகு, மார்க்கின்யா என்று அதற்குப் பெயரே இருக்கிறது. டேப்புக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி துளியும் இல்லை, அதனால்தான் கோடு அவ்வளவு கூர்மை. ஓரம் பற்றிய பாடத்தைத் தலைகீழாகப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மூன்றாவது வழி ஸ்ட்ராப். கழுத்தின் பின்னால் முடிச்சுப் போடும் ஹால்டர் வேண்டாம். கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கும் அந்த வி வடிவம் எந்த உடையிலும் மறையாது. முதுகில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய கயிறுகள் படத்தில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் உடம்பில் விழுவது சன்னல் கம்பி நிழல். ஸ்ட்ராப்பே இல்லாத பான்டோ நல்லது, அதன் பிரச்சினை நழுவுவது. நனைந்த துணி கனத்துக் கீழே இறங்கும். உடல் சுற்றளவைவிட 10 முதல் 15% குறைத்து வெட்டி, இரு பக்கத்திலும் 6 மி.மீ. பிளாஸ்டிக் எலும்பு (துணியை விறைப்பாக நிறுத்தும் பட்டை) வைத்து, மேல் ஓரத்தின் உள்பக்கம் சிலிக்கான் பட்டை தைத்தால் நிற்கும். சிலிக்கான் எண்ணெய்ப் பசை பட்டதும் பிடியை விட்டுவிடும். ஆகவே சன்ஸ்கிரீன் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, பட்டை உட்காரும் இடத்தை மட்டும் துடைத்துவிட்டுப் போட வேண்டும்.

படுக்கும்போது பான்டோ, நீந்தும்போது ஸ்ட்ராப் என்று மாற்றிக்கொள்ள, 10 மி.மீ. கொக்கியும் வளையமும் வைத்துக் கழற்றி மாட்டும்படி தைக்கலாம். கொக்கி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உலோகம் வெயிலில் சுடும், போதாததற்கு வட்டமாக ஒரு வெள்ளைப் பொட்டும் வைத்துவிடும். கொக்கியின் இடம் அக்குளுக்குக் கீழே. குப்புறப் படுக்கும்போது பின் கயிற்றை அவிழ்ப்பவர்கள், அவிழ்த்த கயிற்றை முதுகிலேயே விட்டுவிடுகிறார்கள். அதை எடுத்து உடம்புக்கு அடியில் சொருக வேண்டும். கோடு ஒரே நாளில் விழுவதில்லை. வெயில் பட்ட உடனே தெரியும் கருமை சீக்கிரம் கலைந்துவிடும், நிலைக்கும் நிறம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும். அதனால் இன்று ஒரு ஸ்ட்ராப், நாளை வேறு வெட்டு என்று மாற்றிப் போடுவது, ஒரே உடையை வாரம் முழுவதும் போடுவதைவிட நல்ல பலன் தரும்.

கடைசியாகச் சன்ஸ்கிரீன் கணக்கு. டேன்-த்ரூ வாங்குகிறவர்கள் பலர் இதை யோசிப்பதே இல்லை. புற ஊதாக் குறியீட்டில் ஒவ்வோர் எண்ணும் சதுர மீட்டருக்கு 0.025 வாட். குறியீடு 8 என்றால் 0.2 வாட். எளிதில் சிவக்கும் வெளிர் தோலுக்குச் சிவக்கும் அளவு சதுர மீட்டருக்குச் சுமார் 250 ஜூல். வகுத்தால் 1,250 விநாடி, ஏறக்குறைய 21 நிமிடம். 20% விடும் துணிக்குள் அதே தோல் 104 நிமிடத்தில் சிவக்கும். துணிதான் மூடியிருக்கிறதே என்று அங்கே எதுவும் பூசாமல், வெளியே மட்டும் எஸ்பிஎஃப் 30 பூசினால் என்ன ஆகும்? வெளித்தோல் வாங்குவது முப்பதில் ஒரு பங்கு, துணிக்குள் இருப்பது ஐந்தில் ஒரு பங்கு. உள்ளே ஆறு மடங்கு அதிகம்! கோடு தலைகீழாக விழும், பிகினி வடிவத்தில் கறுப்பு. அதோடு வெயிலே பார்த்திராத மென்மையான தோல் வெந்தும் போகும்.

கோடு துல்லியமாக மறைய வேண்டுமானால், தாளில் பார்த்தால், துணிக்குள் எஸ்பிஎஃப் 6 போதும். ஐந்தாறு முப்பது, இரண்டும் சமம். ஆனால் யாரும் க்ரீமைச் சோதனைச்சாலை அளவில் பூசுவதில்லை. உடம்பு முழுக்க ஒருமுறைக்கு 30 கிராமுக்குமேல் வேண்டும், பெரும்பாலோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. ஆகவே என் ஓட்டு, உள்ளேயும் வெளியேயும் ஒரே 30, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும். லேசான கோடு விழும், விழட்டும். சூரியக் கதிரைப் புற்றுநோய்க் காரணி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1992-லேயே வகைப்படுத்திவிட்டது. நிறம் மாறுவது தோல் அடிபட்டதன் அடையாளம்தான். மிச்சமிருக்கும் கோட்டை டைஹைட்ராக்சி அசிட்டோன் சேர்த்த செல்ஃப் டேனரை வெள்ளைப் பட்டை மேல் மட்டும் சின்ன பிரஷ்ஷால் தொட்டுப் பூசி மறைக்கலாம். அது மேல்தோலின் இறந்த அடுக்கில் மட்டும் நிறமேற்றும், ஒரு வாரத்தில் உதிரும்.

துவைப்பதில் ஒரு கவனம் வேண்டும். உடையைக் கழற்றியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். குளோரின் ஸ்பான்டெக்ஸை அரிக்கும். அவோபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் இரும்புச் சத்துள்ள போர்த் தண்ணீரோடு சேர்ந்தால் துருக்கறை படியும், அது போகாது. சலவைத் தூளில் பிரைட்டனர் இருக்கிறதா என்று பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். இருந்தால், ஒவ்வொரு துவைப்பிலும் அது துணியில் கொஞ்சம் படிந்து, காசு கொடுத்து வாங்கிய டேன்-த்ரூ கொஞ்சம் கொஞ்சமாகக் கதிரை அடைத்துக்கொண்டே வரும்.