விடைக்குறிப்புக்கு வெளியே ஒரு மேக்பெத்

துன்பியல் நாயகனை அவனுடைய அடங்காத வேட்கை எவ்வாறு அழிக்கிறது என்பதை ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தின் வழியே விளக்குக என்ற பத்து மதிப்பெண் வினாவுக்கு விடைக்குறிப்பில் என்ன இருக்கும் என்பதை விடைத்தாள் திருத்தும் பணியில் இருக்கும் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. நீ அரசனாவாய் என்ற சூனியக்காரிகளின் வாக்கு, மனைவியின் தூண்டுதல், அரசன் டங்கனின் கொலை, தோழன் பாங்கோவின் கொலை, பிரபு மேக்டஃபின் குடும்பத்தின் கொலை, தனிமை, வீழ்ச்சி என்று வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் பிழை எதுவும் இல்லை. நானே அதை ஆண்டுக்கணக்கில் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். அதை ஏற்காமல் எழுதப்பட்ட ஒரு விடைக்கு, உடன் திருத்திய ஆசிரியை நான்கு மதிப்பெண் போட்டிருந்தார். மறுபார்வைக்கு என்னிடம் வந்தபோது நான் அதை எட்டாக மாற்றினேன். அந்த மாற்றத்தால் எந்தப் புகாரும் எழவில்லை. ஆனால் அப்போது அவர் கேட்ட ஒரு கேள்விக்கு இன்றுவரை மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பதில் மாறுகிறது.

அந்த மாணவர் எழுதியிருந்தது இதுதான். மேக்பெத்தின் வேட்கை அடங்காதது அல்ல. முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியில் அது அடங்கிவிடுகிறது, அதுவும் அவனாலேயே. டங்கன் உள்ளே விருந்துண்டுகொண்டிருக்கும்போது மேக்பெத் தனியே வெளியே வந்து, கொலை செய்யக் கூடாததற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறான். இரத்தம் சிந்தக் கற்றுக்கொடுத்தால் அந்தப் பாடம் கற்றுக்கொடுத்தவனையே வந்து தாக்கும். டங்கன் தனக்கு உறவினன், அரசன், இப்போது தன் வீட்டு விருந்தாளி. மேலும் அவன் நல்லவன். தன்னைத் தூண்டுவதற்கு எல்லை மீறித் தாவி மறுபுறம் விழுகிற வேட்கையைத் தவிர வேறெதுவும் தன்னிடம் இல்லை என்றும் ஒப்புக்கொள்கிறான். பிறகு மனைவி வந்ததும், இந்தக் காரியத்தில் இனி நாம் மேலே செல்ல வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லிவிடுகிறான். அந்த முடிவை உடைத்தது வேட்கை அல்ல, நீ ஓர் ஆண்மகனா என்ற மனைவியின் இகழ்ச்சிதான் என்பது மாணவரின் முதல் வாதம்.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையாக இருந்தது. முடி கிடைத்த பிறகு வேட்கைக்கு வேலையே இல்லை. மூன்றாம் அங்கத்திலிருந்து அவனை நடத்துவது அச்சம். அரசனாக இருப்பது ஒன்றுமில்லை, அச்சமின்றி அரசனாக இருப்பதுதான் பெரிது என்று அவன் சொல்லும் இடத்தைச் சுட்டிக்காட்டி, கிடைத்ததில் நிம்மதியாக இருக்க முடியாமையே அவனை அழித்தது என்று முடித்திருந்தார். கையெழுத்து மோசம், பாங்கோவின் மகன் பெயர் தவறு, இரண்டு இடங்களில் வாக்கியம் நடுவிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் நாடகத்தை உண்மையாகவே படித்த ஒருவர் எழுதிய விடை அது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஆசிரியை முதலில் சொன்னது எதிர்பார்த்ததுதான். "சார், 'எவ்வாறு அழிக்கிறது' என்றுதான் கேள்வி கேட்கிறது. 'அழிக்கிறதா' என்று கேட்கவில்லையே." வினாவின் அடிப்படையையே ஒரு மாணவர் மறுக்கலாம், மறுப்புக்கு நாடகத்திலிருந்து சான்று இருந்தால் போதும் என்றேன். சொல்லிக்கொடுத்தபடி எழுதிய மற்றவர்களுக்கு இது நியாயமா என்று கேட்டார். அவர்களுக்கும் குறைக்க வேண்டாம், இவருக்கும் குறைக்க வேண்டாம் என்றேன். அதுவரை எனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. பிறகு அவர் அந்தத் தாளை மீண்டும் ஒரு முறை படித்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "செய்யக் கூடாது என்பதற்கான அத்தனை காரணங்களையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டு, அன்றிரவே ஒருவன் அதைச் செய்கிறான் என்றால், அதைவிட அடங்காத வேட்கை வேறு என்ன இருக்க முடியும், சார்? தெரியாமல் செய்திருந்தால்தானே அது வேறு ஏதோ ஒன்றாகியிருக்கும்?"

இதையும் அந்த மாணவர் எழுதிப் பதில் சொல்லியிருந்தால் பத்துக்குப் பத்தே போட்டிருப்பேன் என்று சொல்லி ஒப்பமிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் விதிப்படி தன் சுருக்கொப்பத்தை அருகில் இட்டார். உடன்பட்டு இட்டாரா, நடைமுறைக்காக இட்டாரா என்பது தெரியவில்லை. என் பதில் அந்த நேரத்துக்குப் பொருந்தியது, கேள்விக்குப் பொருந்தவில்லை.

அவர் பக்கம் நின்று நாடகத்தைத் திரும்பப் படித்தால் சான்றுகளுக்குக் குறைவில்லை. மனைவி மேடைக்கு வருவதற்கு முன்பே, டங்கன் தன் மகன் மால்கமை வாரிசாக அறிவித்த உடனேயே, விண்மீன்களே உங்கள் ஒளியை மறைத்துக்கொள்ளுங்கள், என் கரிய ஆசைகளை வெளிச்சம் பார்க்க வேண்டாம் என்று மேக்பெத் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். அதே ஏழாம் காட்சியில் லேடி மேக்பெத், இந்தத் திட்டத்தை முதலில் என்னிடம் எடுத்துச் சொன்னது நீங்கள்தானே என்று அவனுக்கு நினைவூட்டவும் செய்கிறாள். ஆகவே இகழ்ச்சி வெளியிலிருந்து வந்து ஒரு நல்லவனைக் கெடுத்தது என்று வாதிட இடமில்லை. அது ஏற்கெனவே இருந்த ஒன்றைத்தான் தட்டி எழுப்பியது.

ஆனால் அதே நாடகம் எனக்கும் கொஞ்சம் கை கொடுக்கிறது. விதி என்னை அரசனாக்க நினைத்தால் என் முயற்சி இல்லாமலேயே ஆக்கட்டும் என்று சொன்னவனும் அவன்தான். அவனுக்கு வேட்கை உண்டு, அதற்குத் துணைநிற்க வேண்டிய கொடுமைதான் இல்லை என்று அவனை நன்றாக அறிந்த மனைவியே கணிக்கிறாள். கொலை நடந்த உடனேயே, கதவு தட்டப்படும் ஓசை கேட்டு, அந்த ஓசையால் டங்கன் எழுந்துவிடமாட்டானா என்று அவன் ஏங்குகிறான். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது, முடிசூட்டு விழா மேடையில் நடப்பதே இல்லை என்பது. மேக்பெத் முடிசூடிக்கொள்ள ஸ்கோன் நகருக்குப் போய்விட்டான் என்று மேக்டஃப் போகிற போக்கில் மற்றொரு பிரபுவான ராஸிடம் சொல்கிறார், அவ்வளவுதான். வேட்கையைப் பற்றிய நாடகம் என்றால், அந்த வேட்கை நிறைவேறும் கணத்தை ஷேக்ஸ்பியர் நமக்குக் காட்டாமல் விடுவாரா? ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியரான மார்லோவின், 1590-இல் அச்சான டேம்பர்லேன் நாடகத்தில், இடையனாகத் தொடங்கி நாடுகளை வெல்லும் நாயகன் மணிமுடியின் இனிமையைப் பாடித் திளைக்கிறான். முதல் பாகம் அவனுடைய வெற்றியிலேயே முடிகிறது, இரண்டாம் பாகத்தில் நோயுற்றுத்தான் இறக்கிறான். அடங்காத வேட்கை கட்டாயம் அழிக்கும் என்றால் முதலில் அழிந்திருக்க வேண்டியவன் அவன். (இதை ஆசிரியையிடம் சொல்லியிருந்தால், அது வேறு ஆசிரியரின் வேறு நாடகம் என்று சரியாகவே சொல்லியிருப்பார்.)

அன்று வீடு திரும்பும் வழியில் ராஸ் பேசும் ஒரு வரி நினைவுக்கு வந்தது. தன் வாழ்வுக்கு ஆதாரமானதையே விழுங்கிவிடும் ஊதாரித்தனமான வேட்கை என்று, விடைக்குறிப்பில் அப்படியே எடுத்துப் போடத்தக்க தீர்ப்பை இந்த நாடகத்தில் வாய்விட்டுச் சொல்பவர் அவர். அவர் அதைச் சொல்வதோ மேக்பெத்தைப் பற்றி அல்ல. தந்தை கொல்லப்பட்டதும் தப்பியோடிய, எந்தக் குற்றமும் செய்யாத மால்கமையும் டொனால்பெய்னையும் பற்றி. வேட்கை அழிக்கும் என்ற எளிய தீர்ப்பை ஷேக்ஸ்பியரே தவறான ஆட்கள் மீது சுமத்திக் காட்டியிருக்கிறாரே என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அது வெகுநேரம் நீடிக்கவில்லை. தீர்ப்பு தவறான ஆட்கள் மீது விழுந்தது என்பதால் தீர்ப்பே தவறாகிவிடாது. அந்தச் சொற்கள் யாருக்குப் பொருந்தும் என்பதை அரங்கில் இருப்பவர்கள் அனைவரும் அறிவார்கள். என் சான்று ஆசிரியையின் பக்கம் போய் நின்றுகொண்டது.

வரலாற்றைப் பார்த்தால் குழப்பம் கூடத்தான் செய்கிறது. உண்மையான மேக்பெத் 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டான். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில், அரசனைக் கொன்று அரியணை ஏறிய மேக்பெத் பத்து ஆண்டுகள் நீதியோடு ஆண்டதாகவே இருக்கிறது. அந்தக் கொலையில் பாங்கோவும் உடந்தை. பாங்கோவைத் தன் மூதாதையாகக் கருதிய ஜேம்ஸ் அரசர் இங்கிலாந்தை ஆண்ட காலத்தில், 1606-ஐ ஒட்டி நாடகத்தை எழுதிய ஷேக்ஸ்பியர் அந்தப் பத்து ஆண்டுகளையும் உடந்தையையும் சேர்த்தே நீக்கிவிட்டார். அரசரின் மனம் கோணக்கூடாது என்பதற்காகப் பாங்கோ உடந்தைப் பழியிலிருந்து தப்பினார் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இப்போது வேறொன்று தோன்றுகிறது. உடந்தையாக இருந்தவர்களை நீக்கியதன் மூலம், தடுத்திருக்கக்கூடியவர்களையும் அவர் நீக்கிவிட்டார். மிஞ்சியிருந்த பாங்கோவும், நீ இதற்காகத் தவறான ஆட்டம் ஆடியிருக்கிறாய் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறானே தவிர, தன் சந்ததி அரசாளும் என்று சொல்லப்பட்ட வாக்கும் பலிக்கட்டுமே என்று பேசாமல் இருந்துவிடுகிறான். அடங்காத என்பதை மனத்துக்குள் தேடாமல் சுற்றி இருந்தவர்களிடம் தேடினால், விடைக்குறிப்பு நான் நினைத்ததைவிட ஆழமாகவே சரியாக இருக்கிறது. விடைக்குறிப்பைத் தயாரித்தவர் அப்படி நினைத்து எழுதியிருப்பார் என்று மட்டும் நான் நம்பவில்லை.

எட்டு மதிப்பெண் தந்ததில் எனக்கு வருத்தமில்லை. நாடகத்தை ஊன்றிப் படித்ததற்கான மதிப்பெண் அது. வாதம் வென்றதற்கானது அல்ல. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதே கணக்கில் பார்த்தால் அந்த ஆசிரியையின் கேள்விக்கு நான் என்ன மதிப்பெண் தருவது? இப்போதும் வகுப்பில் முதலில் விடைக்குறிப்பின் வரிசையைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தேர்வுக்கு அதையே எழுதுங்கள் என்றும் சொல்கிறேன். ஏழாம் காட்சியைப் பிறகுதான் திறக்கிறேன், அதுவும் நேரம் இருந்தால்.

அண்மையில் கடைசிக் காட்சிகளைப் பாடமாக நடத்தும்போது, அந்த மாணவரும் நாங்கள் இருவரும் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. பெண்ணுக்குப் பிறந்த எவனாலும் தனக்குத் தீங்கு நேராது என்ற வாக்கை நம்பியிருந்த மேக்பெத்துக்கு, மேக்டஃப் பெண்ணுக்கு இயல்பாகப் பிறந்தவன் அல்ல என்று தெரிகிறது. தெரிந்ததும், உன்னோடு போரிட மாட்டேன் என்று மேக்பெத் விலகிக்கொள்கிறான். அடுத்த வரியில் மேக்டஃப் அவனைக் கோழை என்று அழைத்து, உயிரோடு இருந்து ஊரார் பார்க்கும் காட்சிப் பொருளாக இரு என்கிறான். உடனே மேக்பெத் கேடயத்தை உயர்த்திக்கொண்டு தன் சாவை நோக்கிப் போகிறான். ஏழாம் காட்சியில் மனைவி பயன்படுத்தியதும் அதே சொல்தான்: உன் பார்வையிலேயே நீ கோழையாக வாழப்போகிறாயா என்று கேட்டாள். அவன் இரண்டு முறை பின்வாங்கினான். இரண்டு முறையும் ஒரே வசை அவனைத் திருப்பி அனுப்பியது. இரண்டாம் முறை பெறுவதற்கு மணிமுடியும் இல்லை, நாடும் இல்லை. இதைவிட நல்ல சான்று அந்த மாணவரின் விடைக்குக் கிடைக்காது.

ஆசிரியையிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என்ன கேட்பார் என்பது ஏறக்குறைய தெரியும்: கோழை என்ற பெயரைக்கூடத் தாங்க முடியாத அளவுக்குத் தன்னைப் பற்றி ஒருவன் வைத்திருந்த அந்த ஆசையை நீங்கள் எதில் சேர்ப்பீர்கள், சார்?