சுவர் ஏணியும் என் வலது தோளும்

தோள் இறுகிப்போயிருந்த வலது கையைக் காதோடு ஒட்டித் தூக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அதில் முதல் மூன்று மாதம் முழுக்க வீண். வீண் என்றால்கூடத் தேவலை. இருந்த நிலையையும் கெடுத்துக்கொண்டேன். பிறகு என் தோளை மீட்டுத் தந்ததும் அதே சுவர் ஏணிதான் என்பதால் அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. "சும்மா பிடித்துத் தொங்குங்கள், தானாகச் சரியாகிவிடும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துபோன பயிற்சியாளர்மீதுதான் இன்னும் ஆறவில்லை.

சுவர் ஏணி என்று நான் சொல்வது, எங்கள் ஜிம்மின் பின்சுவரோடு பொருத்தியிருக்கும் மூன்று மரச்சட்டங்களை. ஒவ்வொன்றிலும் 14 படிகள், படிக்கும் படிக்கும் ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி. துண்டும் ரப்பர் பட்டையும் மாட்டிவைக்கத்தான் எல்லாரும் அவற்றைப் பயன்படுத்தினார்கள். நான் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, மேலிருந்து இரண்டாவது படியைப் பிடித்து, கால்களை முழுவதுமாக எடுத்துவிட்டுத் தினமும் ஒரு நிமிடம் தொங்கினேன். தோள்கள் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டு நிற்கும். உடலின் மொத்த எடையும் ஏற்கெனவே இறுகிப்போயிருந்த மூட்டில் போய் விழுகிறது என்பது எனக்குத் தெரியவில்லை. இரவில் வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் போனபோதும், பயிற்சி வேலை செய்கிறது போலும் என்றே நினைத்தேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு நாள், தொங்கிக்கொண்டிருக்கும்போதே படி என் உள்ளங்கைக்குள் உருண்டது. அது உருண்டைக் கம்பு. முனையில் பசை விட்டுப்போயிருந்தது. இடது கை வழுக்கிவிட, வலது கை மட்டும் ஒரு நொடி என்னைத் தாங்கியது. தோளுக்குள் சுளீரென்று இழுத்தது. அடுத்த இரண்டு வாரம் சட்டையை இடது கையால்தான் மாட்டினேன்.

மேலாளரிடம் சொன்னால், "இதுவரை யாரும் புகார் சொன்னதில்லையே" என்றார். யாரும் அதில் ஏறியதே இல்லை, பிறகு எப்படிச் சொல்வார்கள்? மூன்று முறை போய் நின்ற பிறகுதான் தச்சர் வந்தார். அவர் கழற்றிப் பார்த்தபோது இன்னொரு சங்கதியும் தெரிந்தது: மூன்றாவது சட்டத்தின் மேல் போல்ட், செங்கல்லுக்குள் போகாமல் பூச்சிலேயே நின்றிருந்தது. ஆள் தொங்கும் ஏணி அது. ஆகவே எந்த ஜிம்மில் இதைக் கண்டாலும் முதலில் கீழே நின்றபடியே சட்டத்தை இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். பிடிக்கப்போகும் படியைத் திருகிப் பாருங்கள். வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சிராய் ஏறினால் ஒரு வாரம் எதையும் இறுகப் பிடிக்க முடியாது.

இயன்முறை மருத்துவரிடம் போனபோது அங்கேயும் அதே ஏணி சுவரில் நின்றது. 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்விக்கென நிறுவனம் தொடங்கிய பெர் ஹென்ரிக் லிங்கின் மரபில் வந்த கருவி இது என்றும், முதுகெலும்பு வளைந்தவர்களுக்கான ஸ்ரோத் முறைப் பயிற்சியிலும் இது உண்டு என்றும் அவர்தான் சொன்னார். துண்டு மாட்டும் சட்டமாகவே பார்த்திருந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

"எப்படித் தொங்கினீர்கள், காட்டுங்கள்" என்றார். காட்டினேன். "இன்னும் இரண்டு மாதத்துக்கு நீங்கள் தொங்கவே கூடாது" என்றார். சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, விரல்களால் ஒவ்வொரு படியாக மேலே ஏறச் சொன்னார். இடது கை 12-ஆம் படியை எளிதாகத் தொட்டது. வலது கை 9-இல் நின்றுவிட்டது. அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். இந்த ஏணியின் அருமையே அதில்தான் இருக்கிறது: நேற்று எங்கே நின்றோம், இன்று எங்கே நிற்கிறோம் என்பதைப் படியே சொல்லிவிடும், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

10, 11 இரண்டும் சிரமமில்லாமல் வந்தன. அதன் பிறகே தொங்கல், அதுவும் கால்களைக் கீழ்ப் படியில் ஊன்றியபடி. முதலில் தோள்பட்டை எலும்புகளைக் கீழே இழுத்து நிறுத்த வேண்டும். பிறகு முழங்காலை மெல்ல மடக்கி, தாங்கும் அளவுக்கு மட்டும் எடையைக் கைக்குக் கொடுக்க வேண்டும். தசை இழுபடுவது பரவாயில்லை. தோளின் உச்சியில் கிள்ளுவது போன்ற வலியோ விரல்களில் மரமரப்போ வந்தால் அந்தக் கணமே காலை ஊன்றிவிட வேண்டும்.

கால் விஷயத்திலும் இதே தவற்றைச் செய்தேன். 6-ஆம் படியில் குதிகாலை வைத்துக் குனிந்தால் நெற்றி முழங்காலைத் தொடும் அளவுக்கு வரும். அதில் ஒரு பெருமை. அவர் என் முதுகில் கைவைத்து, "வளைவது இடுப்பு இல்லை, முதுகு" என்றார். 3-ஆம் படிக்கு இறக்கி, ஊன்றிய பாதத்தை நேராகத் திருப்பி, முதுகை நிமிர்த்தி வைத்துவிட்டு முன்னால் சாயச் சொன்னார். நான்கு விரற்கடைகூடச் சாய முடியவில்லை. தொடையின் பின்பக்கம் உண்மையில் நீள்வது எப்படி இருக்கும் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

வலு கூட்டவும் இதுவே போதும். இடுப்பளவுப் படியில் கை ஊன்றித் தண்டால் தொடங்கி, பத்து எடுக்க முடிந்ததும் ஒரு படி இறங்குவேன். இப்போது 3-இல் இருக்கிறேன். ஏணிக்கு முதுகைக் காட்டித் தொங்கிக் காலை உயர்த்துவதென்றால், மேல் படி சற்று முன்தள்ளியிருக்கும் ஏணியைத் தேடுங்கள். இல்லையென்றால் தலையும் தோளும் கம்பில் இடித்துக்கொண்டே இருக்கும்.

போன வாரம் வலது விரல்கள் 12-ஆம் படியைத் தொட்டன. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது சட்டத்தின் போல்ட்டை மட்டும் இன்னும் மாற்றவில்லை. கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் என்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் அதில் கைவைத்தால், செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டுப் போய்ச் சொல்லி, இடப்பக்கச் சட்டத்துக்கு அழைத்து வந்துவிடுகிறேன்.