15 வயது அம்மா

எங்கள் அமெச்சூர் நாடகக் குழுவில் இளையவர்களுக்கு ஒத்திகை நடத்தும் வேலையை ஒன்பது வருடமாகச் செய்துவருகிறேன். முன்பெல்லாம் வயதைக் கேட்டுத்தான் வேடம் கொடுப்பேன். இப்போதும் கேட்கிறேன், ஆனால் ஒத்திகையை எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும், யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று தெரிந்துகொள்ள மட்டும்.

மகனைப் பறிகொடுத்த தாய் வேடத்துக்கு இருந்தவர் ஒருமுறை கடைசி நேரத்தில் விலகிவிட்டார். அவருடைய வசனம் முழுக்க மனப்பாடமாக இருந்தது மறந்த வசனத்தை எடுத்துக்கொடுக்க உட்கார்ந்திருந்த 15 வயதுப் பெண்ணுக்கு மட்டும்தான். நன்றாகவே பேசினாள், துக்கம்தான் வரவில்லை. "உனக்கு வேண்டியவங்க யாராவது இறந்துபோயிருந்தா அவங்கள நினைச்சுக்கோ" என்றேன். நினைத்தாள். காட்சி பிரமாதமாக வந்தது, எல்லோரும் கைதட்டினோம், அவளோ பக்கத்திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவள் அரை மணி நேரம் யாரிடமும் பேசவில்லை. நான் செய்தது பெரிய தப்பு. சொந்தத் துக்கத்தைக் கிளறிவிட்டு அதிலிருந்து மீண்டு வருவது பெரியவர்களுக்கே லேசில்லை, அதைப் போய் ஒரு சின்னப் பெண்ணிடம் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் ஒரு சட்டையைக் கையில் கொடுத்து, "அழ வேண்டாம்மா, பையனோட சட்டை இது, பட்டன் போட்டு மடிச்சு வை, போதும்" என்றேன். மேல் பட்டன் காஜாவுக்குள் நுழைய மறுத்தது, அவள் விடாமல் அதையே பார்த்துக்கொண்டு பேசியதில் வசனம் தானாக நின்று நின்று வந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. முடிந்ததும் சட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டுத் தோழிகளோடு பேசப் போய்விட்டாள்.

ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டுக்கு 14 வயது நிரம்பவில்லை, அந்த வேடத்தை அன்று போட்டவர்களும் பையன்கள்தான். மூத்த நடிகர்களிடம் தொழில் கற்றுக்கொண்டு மேடையேறியவர்கள். அனுபவம் இல்லாத இடத்தைப் பயிற்சியால் நிரப்ப முடியும் என்று நான் நம்புவதற்கு அவர்களும் ஒரு காரணம்.

ஆனால் பக்குவம் என்பது வேறு சமாச்சாரம், அது வேடத்தில் தெரிவதில்லை. அதே நாடகத்தில் இளைய மகனாக நடித்தவனுக்கு 23 வயது, நல்ல திறமைசாலி, எந்தத் திருத்தம் சொன்னாலும் "நான் யோசிச்சுதான் அப்படிப் பண்ணேன்" என்பான். அரங்கேற்றத்தன்று அரைப் பக்க வசனத்தைத் தாண்டிவிட்டான், தாண்டியது அவனுக்கே தெரியவில்லை. தாயாக நடித்த அந்தப் பெண், கையிலிருந்த சட்டையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "அண்ணன் கடைசியா என்ன சொன்னான், அதை முதல்ல சொல்லுடா" என்றாள். பிரதியில் இல்லாத வரி அது. அவன் விட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட்டான், பார்வையாளர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் குறைநிறை பேச உட்கார்ந்தபோது அவனே எழுந்து நடந்ததைச் சொன்னான். பிறகு நான் சொன்ன திருத்தங்களை, முதல்முறையாக, மறுபேச்சு இல்லாமல் எழுதிக்கொண்டான்.