ஞானஸ்நானத்துக்கு முன் வரும் கேள்விகள்

கிறிஸ்தவத்தைத் தழுவ எண்ணும் இந்து நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது மீட்பைப் பற்றியல்ல. பொட்டையும் பூவையும் தாலியையும் பற்றித்தான். சபைக்குச் சபை இதற்கான பதில் மாறும். கத்தோலிக்கத் திருமணங்களில் இங்கு சிலுவை பொறித்த தாலியே கட்டப்படுகிறது. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் நகையே அணிவதில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி, சந்தனமும் குடுமியும் பூணூலும் நாட்டு வழக்கங்களே என்று வாதிட்டு, 1623இல் ரோமின் ஒப்புதலையும் பெற்றார்.

சட்டம் சார்ந்த கேள்விகளைத்தான் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான பட்டியல் சாதியினர் அந்தத் தகுதியை இழந்து, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறுகிறார்கள். தீண்டாமை மட்டும் மாறாமல், சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் வரை பின்தொடர்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொத்தைப் பொறுத்தவரை, மதம் மாறியவரின் வாரிசுரிமை பறிபோவதில்லை. ஆனால், மாறிய பின் அவருக்குப் பிறந்து, இந்துவாக இல்லாத பிள்ளைகள், இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு.

தந்தைக்குக் கொள்ளி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதைப் போதகரிடம் மட்டுமன்றிப் பங்காளிகளிடமும் இப்போதே பேசிவிடுங்கள் என்றேன்.