வட்டி 6.70, வில்லங்கம் ஒன்று: 2021இல் ஃபிளாட் வாங்கிய கதை

வீடு வாங்க 2021ஐப் போல ஒரு நேரம் திரும்ப வருமா, தெரியாது. ரிசர்வ் வங்கி 2020 மே மாதம், வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 4 சதவீதத்துக்கு இறக்கி அங்கேயே வைத்திருந்தது. ஸ்டேட் வங்கி 6.70 சதவீதத்தில் வீட்டுக் கடன் என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தது. பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையில் நான் சுற்றிய தெருக்களில் கேட்டுக்குக் கேட் ‘விற்பனைக்கு’ அட்டை தொங்கியது. கொரோனாவில் பாதிச் சம்பளம் போனவர்கள், ஊரோடு போய்விட்டவர்கள், வாடகைக்கு ஆள் கிடைக்காதவர்கள் என்று விற்க ஆயிரம் பேர் இருந்தார்கள், வாங்கத்தான் ஆள் இல்லை. ஒரு முறை நம்பர் கொடுத்துவிட்டால் போதும், புரோக்கர்கள் காலை வணக்கம் சொல்லக்கூடக் கூப்பிட்டார்கள்.

இப்படிப்பட்ட சந்தையில் எல்லோரும் விலையைத்தான் பேசுவார்கள். நானும் பேசினேன், கொஞ்சம் குறைந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. விற்பவருக்கு அவசரம் இருந்தும் அவரால் என்னை அவசரப்படுத்த முடியவில்லை. பேப்பர் சரியாகும்வரை காத்திருந்தார். என் மேல் உள்ள பிரியத்தால் இல்லை, வேறு பார்ட்டி இல்லாததால்.

வீடு 2013இல் கட்டிய இரண்டு பெட்ரூம் ஃபிளாட், இரண்டாவது மாடி. விற்பவர் ஓய்வுபெற்றவர், கோவையில் மகள் வீட்டோடு போய்விடும் திட்டம். 44 லட்சத்துக்குப் படிந்தது. பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்கு அரசு வைத்திருக்கும் விலையை, மட்டும் காட்டிவிட்டு மீதியைக் கையில் வாங்கிக்கொள்கிறேன் என்று முதலில் கேட்டார். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்ததிலிருந்து இந்த ஆசை எல்லோருக்கும் கூடியிருந்தது. முழுத் தொகையும் பத்திரத்தில் ஏறினால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு ராத்திரி யோசித்தார், மறுநாள் “சரி தம்பி” என்றார். விற்பவர் கை ஓங்கியிருக்கும் காலத்தில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், டீ கூடக் கிடைக்காது.

கைக்காசு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது முத்திரைத் தீர்வை 5, மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 4, ஆக மொத்தம் 11 சதவீதம். 44 லட்சத்துக்கு 4,84,000 ரூபாய். எனக்கு வங்கி கொடுத்தது விலையில் 80 சதவீதம். பத்திரச் செலவை அவர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 8.8 லட்சம் இருந்தால் போதும் என்று கிளம்புகிறவர்களுக்கு நிஜத்தில் தேவைப்படுவது பதின்மூன்றரை லட்சத்துக்கு மேல். புரோக்கர் கமிஷன், பத்திர எழுத்தர், வக்கீல் எல்லாம் தனி. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 4லிருந்து 2 சதவீதமாக இறக்கிவிட்டார்கள். எனக்கு 88,000 போனது போனதுதான்.

கடன் விண்ணப்பம், சிபில், சம்பளச் சீட்டு எல்லாம் சிக்கலின்றி முடிந்தது. சிக்கல் ஈசியில் வந்தது, அதாவது சொத்தின் மேல் பதிவான ஆவணங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றில்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் காசு கட்டாமலே தேடிப் பார்க்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் நீங்களே உட்கார்ந்து ஒரு முறை பாருங்கள், வக்கீல் பார்க்கட்டும் என்று விடாதீர்கள். என் கண்ணில் பட்டது இது: 2013இல் விற்பவர் பெயருக்குக் கிரயம். அதே நாளில், அடுத்த எண்ணில், கடனுக்கு ஈடாக உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு, ஒரு அரசு வங்கிக்கு. அதுதான் எல்லோரும் எம்ஓடி என்று சொல்வது. அதற்குக் கீழே அதை ரத்து செய்யும் ரசீது ஆவணம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெறும் வெள்ளை.

விற்பவரிடம் கேட்டால் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “லோன் 2018லயே முடிஞ்சிருச்சு தம்பி. ஒரிஜினல் எல்லாம் என் பீரோவுல இருக்கு.” உண்மைதான், இருந்தது. கடன் முடிந்த கடிதமும் இருந்தது. ஆனால் சார்பதிவாளர் புத்தகத்தில் அந்த ஃபிளாட் இன்னும் வங்கியிடம் அடமானத்தில்தான் இருந்தது. 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் எம்ஓடியைப் பதிவு செய்வது கட்டாயம். போடும்போது வங்கி நம்மைக் கையோடு கூட்டிப்போய்ப் பதிவு செய்துவிடும். எடுக்கும்போது கடிதத்தையும் பத்திரத்தையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்து வழியனுப்பிவிடும். ரசீது பதிவு செய்யணும் என்று ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஆள் இருக்காது.

“அதெல்லாம் ஃபார்மாலிட்டி சார், ஒரு நாள்ல முடிச்சிடலாம்” என்றார் புரோக்கர். புரோக்கர் வாயில் ஃபார்மாலிட்டி என்று வந்தால் ஒப்பந்தத்தில் ஒரு வரி கூட்டிக்கொள்வது நல்லது. நாங்கள் கூட்டினோம்: எம்ஓடி ரத்து ரசீது பதிவாகி, அது ஈசியில் வந்த பிறகே மீதித் தொகைக்கான கெடு தொடங்கும், அதற்கான செலவு விற்பவருடையது. அந்த வரிக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவருக்குக் கடன் கொடுத்த வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று இன்னொரு வங்கியோடு இணைந்துவிட்டது. அன்றைக்குப் பத்து அரசு வங்கிகள் நான்காகச் சுருங்கின, நினைவிருக்கும். பழைய கிளை இருந்த இடத்தில் ஷட்டர். ஃபைல் எல்லாம் அடுத்த தெருவில் இருந்த புதிய வங்கியின் கிளைக்கு மாற்றப்பட்டிருந்தது. அந்தக் கிளையில் கவுண்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் தாள் தொங்கும், அதன் ஓட்டை வழியாகக் கடிதத்தை நீட்ட வேண்டும். உள்ளே இருந்த அம்மையார் கடன் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

“பழைய பேங்க் நம்பர் சார். எங்க சிஸ்டத்துல வராது.”

“சிஸ்டத்துல வேண்டாம் மேடம். ஆபீசர் ஒருத்தர் ரிஜிஸ்டர் ஆபீஸ் வந்து ரசீதுல கையெழுத்துப் போட்டா போதும்.”

“லோன் க்ளோஸ் ஆயிடுச்சுல்ல, அப்புறம் என்ன? இந்த லெட்டரையே காட்டுங்க.”

மேனேஜரைப் பார்த்தால், மார்ச் மாதம் கணக்கு முடிப்பு, ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல், பாதிப் பேருக்குத் தேர்தல் பணி, வெளியே அனுப்ப ஆள் இல்லை என்றார். பொய் இல்லை. ஆனால் அவர் வங்கி 2018லேயே செய்து முடித்திருக்க வேண்டிய வேலை என்பதும் பொய் இல்லை. விற்பவர் பெரியவர், மாஸ்க்கை இறக்கி இறக்கி மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவார், அவரைப் பார்த்துத்தான் மனம் இரங்கியிருக்க வேண்டும். கடைசியில் ஒரு பெண் அதிகாரியை அனுப்பச் சம்மதித்தார்கள்.

இந்த இடத்தில் மானியக் கதையையும் சொல்ல வேண்டும். வீட்டுக் கடனுக்கு மத்திய அரசு நடுத்தர வருமானக்காரர்களுக்குத் தந்த சிஎல்எஸ்எஸ் வட்டி மானியம் 2021 மார்ச் 31உடன் முடிவதாக இருந்தது. என் வருமானத்துக்கு 2.35 லட்சம் வரை கடன் கணக்கில் வரவு வரும். வங்கிக்காக ஆள் பிடிக்கும் ஏஜெண்ட் தினமும் போன். “எம்ஓடிக்கு விற்கிறவர்கிட்ட, பிறகு ரத்து பண்ணித் தர்றேன்னு ஒரு அண்டர்டேக்கிங் எழுதி வாங்கிக்கலாம் சார், வேற ஃபைனான்ஸ் கம்பெனில உடனே போட்டுத் தர்றேன், மானியத்தை விட்டுடாதீங்க.” என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: “நாளைக்கு நாம விக்கும்போது அந்த அண்டர்டேக்கிங்க எங்க கொண்டுபோய்க் காட்டுறது?” விட்டுவிட்டோம். 2.35 லட்சம் கண்ணெதிரே போவது சுகமான விஷயம் இல்லை. மார்ச் 31 அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

தேர்தல் முடிந்து டோக்கன் போட்டு, அதிகாரியை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகம் போனோம். எழுத்தர் பத்திரத்தைப் புரட்டினார். எம்ஓடி வாங்கியது ஒரு வங்கி, ரசீது கொடுப்பது இன்னொரு வங்கி, இடையில் என்ன நடந்தது என்பதற்குப் பேப்பர் எங்கே என்றார்.

“இணைப்பு நாடே அறிஞ்ச விஷயம் சார்” என்றார் அதிகாரி.

“நாடு அறிஞ்சா போதாது மேடம், ஃபைல் அறியணும்.”

திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் லீவு வீண், ஆட்டோ காசு வீண், அதிகாரியின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. கோபம் வந்தது, ஆனால் அந்த எழுத்தர் கேட்டதில் தப்பில்லை. வங்கிதான் அந்தப் பேப்பரைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். கிளையில் கேட்டதற்கு மண்டல அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கிறோம் என்றார்கள். எழுதி, பதில் வந்து, ஆகிற காரியமா? இணைப்புத் திட்டங்கள் 2020 மார்ச் 4 அன்று மத்திய அரசிதழில் வந்தவை. அன்று இரவே இணையத்தில் அரசிதழைத் தேடி எடுத்து, மொத்தமும் பிரிண்ட் போட்டு, மறுநாள் மேனேஜர் மேஜையில் வைத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் சீல், கையெழுத்து. கூடவே அந்த அதிகாரிக்கு அதிகாரம் அளிக்கும் கடிதம், புதிய வங்கியின் லெட்டர்ஹெட்டில். இந்த முறை எழுத்தர் ஒரு பக்கம் விடாமல் பார்த்துவிட்டு, “இப்படிக் கொண்டுவந்தா நாங்க எதுக்கு சார் திருப்புறோம்” என்றார். விரல் வைத்து, போட்டோ எடுத்து, ரசீது பதிவானது. படியிறங்கும்போது பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உங்களுக்கும் இணைந்துபோன வங்கி வாய்த்தால் அரசிதழ் நகலும் அதிகாரக் கடிதமும் முதல் நாளே கையில் இருக்கட்டும். ரசீது பதிவானதும் புதிய ஈசி எடுத்து, அதில் பழைய எம்ஓடியின் ஆவண எண்ணும் ஆண்டும் சரியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண் மாறியிருந்தால் ரத்தானது வேறு யாருடைய அடமானமோ ஆகிவிடும்.

பத்திரப் பதிவுக்குத் தேதி குறிப்பதற்குள் இரண்டாம் அலை. மே 10 முதல் முழு ஊரடங்கு. ஜூன் 7க்குப் பிறகு பாதி டோக்கன்களோடு அலுவலகங்கள் திறந்தன, அந்த மாதக் கடைசியில் எங்களுக்கு முடிந்தது. பெரியவரின் விரல் ரேகையைக் கருவி ஏற்கவே மாட்டேன் என்றது, துடைத்துத் துடைத்து வைத்தார். சம்பவம் என்று அவ்வளவுதான். வட்டிகூட எனக்காகக் காத்திருந்ததுபோல, ஸ்டேட் வங்கி ஏப்ரலில் 6.95க்கு ஏற்றி, மே மாதமே திரும்ப 6.70க்கு இறக்கியிருந்தது. என் வங்கியும் அதே அளவில்தான் கொடுத்தது. வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் எல்லாம் நாமே ஆன்லைனில் செய்துகொள்ளலாம், அதற்கு ஆள் வைக்க வேண்டாம்.

ஆனால் 6.70 என்பது கல்லில் செதுக்கியது இல்லை. ரெப்போவோடு கட்டிய கடன். 2022 மே மாதம் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் ரெப்போ 6.50க்குப் போனது, என் வட்டி 9.20. 35 லட்சத்துக்கு 20 ஆண்டு என்று 26,500 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தேன். வங்கி இஎம்ஐயை ஏற்றாமல் தவணைக் காலத்தை நீட்டிக்கொண்டே போனது. ஸ்டேட்மெண்ட்டை எடுத்துப் பார்த்தால் மாதத்தவணை கிட்டத்தட்ட முழுக்க வட்டிக்கே போகிறது, அசலில் சில நூறுதான் கழிகிறது. எழுதிக் கொடுத்து இஎம்ஐயை ஏற்றிக்கொண்டேன். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே, தவணைத் தொகையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். வட்டி குறைவாக இருக்கும்போது வாங்குகிறவர் இரண்டரை சதவீதம் கூட்டிப்போட்டு, அந்த இஎம்ஐயைத் தன்னால் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டு இறங்க வேண்டும்.

ஒரு நல்லது நடந்திருக்கிறது. கடன் முழுதும் கட்டி முடித்த 30 நாளுக்குள் ஒரிஜினலையும் திருப்பித் தந்து, பதிவான அடமானத்தையும் நீக்க வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று 2023 டிசம்பர் 1 முதல் விதி வந்துவிட்டது. அதற்கு முன்பே கட்டி முடித்த கடன்களுக்கு அது உதவாது. 2013, 2014இல் எம்ஓடி போட்டு, கடனை முடித்து, பீரோவில் பத்திரம் வைத்திருக்கும் பெரியவர்கள் புறநகர் முழுக்க இருக்கிறார்கள்.

2025இல் ரெப்போ திரும்ப இறங்கியதும் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் வீடு பார்க்கத் தொடங்கினார். பிடித்த வீட்டின் ஈசியை அனுப்பினார். எம்ஓடி இருந்தது, ரசீது இல்லை. ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னேன். விற்பவர், “இஷ்டம்னா எடுங்க, ஞாயித்துக்கிழமை வேற பார்ட்டி வர்றாங்க” என்றாராம். வட்டி இறங்கியிருக்கிறது, ஆனால் எங்கள் பக்கம் இப்போது அட்டை தொங்கும் கேட்டுகள் அதிகம் இல்லை, அவர் அப்படிப் பேசுவதில் ஆச்சரியமில்லை. விட்டுவிடுங்கள் என்றேன். விட்டுவிட்டார். அந்த வீடு ஒரு வாரத்தில் விற்றுப்போனதிலிருந்து என்னோடு கொஞ்சம் அளவாகத்தான் பேசுகிறார்.